பதிவு செய்த நிகழ்ச்சியை வெட்டும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மார்கழி நெருங்கும்போது மாம்பலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் பென் டிரைவோடு வரத் தொடங்குவார்கள். தொலைக்காட்சியில் வந்த கச்சேரியைச் செட்டாப் பாக்ஸில் பதிந்து, விளம்பரங்களை வெட்டி எடுக்க முயன்று, எங்கோ ஓரிடத்தில் படம் உறைந்தோ ஒலி விலகியோ போன கோப்பை என் கையில் கொடுப்பார்கள். பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது: வெட்டியதால் கெட்டது என்று வரும் கோப்புகளில் பெரும்பாலானவை வெட்டுவதற்கு முன்பே கெட்டிருந்தவைதாம். வெட்டு அந்தப் பழுதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் இரண்டு காரியங்களைச் செய்துவிட வேண்டும். முதலாவது, பெட்டி எழுதிய மூலக் கோப்பைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டுமே கை வைக்க வேண்டும். இரண்டாவது, கோளாறு தெரியும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, வெட்டாத மூலக் கோப்பில் அதே இடத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். மூலத்திலும் அதே கோளாறு இருந்தால், வெட்டும் மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

## கோப்பு கணினியில் திறக்கவே மறுக்கிறது

பதிவு இருக்கும் வட்டை (பென் டிரைவோ ஹார்டு டிஸ்கோ) செருகியவுடன் ‘இதை ஃபார்மட் செய்ய வேண்டுமா’ என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று அழுத்திவிட்டு வட்டைக் கழற்றி விடவும். சில பெட்டிகள் தாங்கள் பதியும் வட்டை லினக்ஸ் முறையில் அமைத்துக்கொள்கின்றன. விண்டோஸுக்கு அது வெற்று வட்டாகத் தெரிகிறது, வட்டில் பழுதேதும் இல்லை. பென் டிரைவிலிருந்தே இயங்கும் ஒரு லினக்ஸைக் கொண்டு கணினியைத் துவக்கினால் கோப்புகள் கண்ணுக்குத் தெரியும், பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஃபார்மட்டை அழுத்திவிட்டு வந்தவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது உண்டு. அழுத்திவிட்டாலும் அந்த வட்டில் புதிதாக எதையும் எழுதாமல் வைத்திருந்தால் மீட்க வாய்ப்பு இருக்கிறது.

கோப்பு தெரிகிறது, ஆனால் பெயரின் வால் (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) இதுவரை பார்க்காததாக இருக்கிறது என்றால், விஎல்சி பிளேயரில் நேராக இழுத்துப் போட்டுப் பார்க்கவும். ஒளிபரப்பு பெரும்பாலும் 188 பைட் கொண்ட பொட்டலங்களாக வருகிறது. பெட்டி அதை அப்படியே வட்டில் கொட்டியிருந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் விஎல்சி அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஓடினால் வேலை முடிந்தது.

நிகழ்ச்சியின் நீளம் சரியாகக் காட்டப்பட்டு, திரை மட்டும் கறுப்பாகவோ வண்ணக் குப்பையாகவோ இருந்தால், அது பூட்டப்பட்ட பதிவு. கட்டண டிடிஎச் பெட்டிகளும் கட்டணச் சேனல்களைத் தரும் கேபிள் பெட்டிகளும் பொதுவாக இப்படித்தான் பதிகின்றன. அந்தப் பெட்டியில் மட்டுமே, சில சமயம் சந்தா உயிரோடு இருக்கும்வரை மட்டுமே, அது ஓடும். வீட்டில் சொந்த உபயோகத்துக்காகப் பதிந்துகொள்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதை 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. இத்தகைய பதிவை நான் வாங்கிக்கொள்வதே இல்லை. ‘பெட்டியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் சித்தி’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இங்கிருந்து கீழே சொல்லப்படுவதெல்லாம் இலவசச் சேனல்களைப் பூட்டில்லாமல் பதியும் பெட்டிகளுக்கே பொருந்தும்.

## வெட்டிய இடத்தில் படம் உறைகிறது, அல்லது கட்டம் கட்டமாகச் சிதறுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். இதில் மூலக் கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வெட்டிய இடம்தான் தவறு.

தொலைக்காட்சியில் வரும் படம் நொடிக்கு 25 பிரேம்கள் என்றாலும், அவற்றில் ஒவ்வொன்றும் முழுப் படம் அல்ல. கீ பிரேம் எனப்படுவது மட்டுமே முழுப் படம்; அடுத்த கீ பிரேம் வரும்வரை உள்ளவை முன்பின் பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில் வரும் ஒளிபரப்பில் 12 பிரேமுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறை, கீ பிரேம் வருவது வழக்கம். எச்.264 என்ற புதிய முறையில் வரும் ஒளிபரப்பில் இந்த இடைவெளி ஒன்று, இரண்டு நொடிகளுக்கும் போகும். விளம்பரம் முடிந்து நிகழ்ச்சி மீண்டும் தொடங்கும் இடத்தில் கீ பிரேம் அல்லாத ஒன்றில் வெட்டினால், அதற்கு ஆதாரமான முழுப் படம் வெட்டுப்பட்ட பகுதியோடு போய்விடுகிறது. அடுத்த கீ பிரேம் வரும்வரை பிளேயர் பழைய படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது பாடகரின் முகத்தில் பற்பசை விளம்பரத்தைப் பூசிக் காட்டுகிறது.

செலவில்லாத முதல் தீர்வு, வெட்டும் இடத்தை நகர்த்துவது. அவிடெமக்ஸ் என்ற இலவச வெட்டும் மென்பொருளில் மேல் அம்புக்குறி அடுத்த கீ பிரேமுக்கும், கீழ் அம்புக்குறி முந்தைய கீ பிரேமுக்கும் தாவும்; பக்கவாட்டு அம்புகள் ஒவ்வொரு பிரேமாக நகரும். நீக்க வேண்டிய பகுதியின் தொடக்கத்துக்கு ஏ குறியும் முடிவுக்கு பி குறியும் வைக்கிறோம் அல்லவா, அந்த பி குறி, அதாவது நிகழ்ச்சி மீண்டும் தொடங்கும் புள்ளி, கட்டாயம் கீ பிரேமில் இருக்க வேண்டும். ஏ குறியில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. இடம் தவறியிருந்தால் அண்மைக்காலப் பதிப்புகள் சேமிக்கும்போதே எச்சரிக்கின்றன; அதைப் படிக்காமல் ‘சரி’ அழுத்துகிறவர்களின் கோப்புகள்தாம் எனக்கு வருகின்றன. லாஸ்லெஸ்கட் என்ற இன்னொரு வெட்டும் மென்பொருளில் கீ பிரேமில் மட்டும் வெட்டு என்ற தேர்வை இயக்கிவிட்டால், தொடங்கும் புள்ளியை அதுவே முந்தைய கீ பிரேமுக்குத் தள்ளிக்கொள்ளும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சென்ற ஆண்டு பெரியப்பா கொண்டுவந்த பதிவில், தனி ஆவர்த்தனத்தின் கோர்வை முடிந்து பல்லவியை மீண்டும் எடுக்கும் இடத்துக்குச் சரியாக நடுவில் விளம்பர இடைவேளை விழுந்திருந்தது. விளம்பரத்தின் கடைசிப் படத்துக்கும் பாடகர் வாயைத் திறப்பதற்கும் நடுவில் இருந்தது மொத்தம் 9 பிரேம்கள். கீ பிரேமோ பாடகர் வாயைத் திறந்து 14 பிரேம் கழித்துத்தான் இருந்தது. அந்தக் கீ பிரேமில் வெட்டினால் முதல் எழுத்து போய்விடும். முந்தைய கீ பிரேமில் வெட்டினால் நகைக்கடை விளம்பரத்தின் கடைசி மணியோசை உள்ளே வந்துவிடும். நான் மணியோசையைத்தான் விட்டேன். எழுத்தை இழப்பதைவிட விளம்பரத்தின் கால் நொடியைச் சகித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி; பெரியப்பாவுக்கும் அதில் உடன்பாடுதான்.

அந்தக் கால் நொடியும் ஆகாது என்பவர்களுக்கு அடுத்த படி, வெட்டைச் சுற்றியுள்ள சில பிரேம்களை மட்டும் புதிதாக உருவாக்கி மற்றவற்றை அப்படியே விடும் முறை. லாஸ்லெஸ்கட்டில் ஸ்மார்ட் கட் என்ற பெயரில் இது சோதனை நிலையில் இருக்கிறது. சில கோப்புகளில் நன்றாக வேலை செய்யும், சிலவற்றில் ஒட்டிய இடத்தில் ஒரு துடிப்பு தெரியும். செய்தபின் ஒவ்வோர் ஒட்டையும் ஓட்டிப் பார்க்காமல் மூலத்தை அழிக்கக் கூடாது. கடைசி வழி, முழுக் கோப்பையும் மறு என்கோடிங் செய்வது, அதாவது எல்லாப் பிரேம்களையும் புதிதாக உருவாக்குவது. எந்தப் பிரேமிலும் வெட்டலாம் என்றாலும், சாதாரணக் கணினியில் இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். படத்தின் தரமும் ஒரு படி இறங்கும். முடிந்தவரை இதைத் தவிர்க்கிறேன்.

கீ பிரேமில்தான் வெட்டியிருக்கிறது, ஆனாலும் சிதறுகிறது என்றால் வேறு ஒரு பிளேயரில் ஓட்டிப் பார்க்கவும். கணினியில் சுத்தமாக ஓடி, டிவியின் யுஎஸ்பி வழியாக மட்டும் தடுமாறினால் கோப்பில் குறையில்லை. எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில், படத்தையும் ஒலியையும் தொடாமல் அவற்றைச் சுமக்கும் கோப்பு வகையை மட்டும், அதாவது உறையை மட்டும், மாற்றிப் போட்டால் பல டிவிகள் அமைதியாகிவிடுகின்றன.

## ஒலியும் உதடும் ஒத்துப்போகவில்லை

‘அடிக்கிறதுக்கு முன்னாடியே சத்தம் வருதுப்பா’ என்றுதான் இந்தப் புகார் தொடங்கும். எவ்வளவு விலகல், எங்கிருந்து விலகல் என்பதை அளந்தால்தான் காரணம் பிடிபடும். அளப்பதற்கு மிருதங்கத்தைவிட நல்ல கருவி கிடையாது. வலந்தலையில் விரல் விழும் கணத்தையும் ஓசை எழும் கணத்தையும் தொடக்கத்தில் ஓரிடத்தில், முதல் வெட்டுக்குப் பின் ஓரிடத்தில், கடைசியில் ஓரிடத்தில் ஒப்பிட வேண்டும். விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லி நொடி அளவில் முன்னும் பின்னும் நகர்த்தும். ஒத்துப்போகும்வரை அழுத்தி, மூன்று இடங்களிலும் கிடைக்கும் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளவும்.

### மூன்று எண்களும் ஒன்றே

இதுதான் எளிது. முதலில் வெட்டாத மூலத்தைப் பார்க்கவும். அதிலும் இதே விலகல் இருந்தால் டிவியின் ஒலி அமைப்பையோ சவுண்டு பாரையோ கழற்றிவிட்டுப் பார்க்கவும். ஒலிபெருக்கியால் வரும் தாமதத்தைக் கோப்பின் தலையில் கட்டியவர்கள் உண்டு. கோப்பில்தான் விலகல் என்றால், எம்கேவிடூல்நிக்ஸில் ஒலித்தடத்தைத் தேர்ந்து, கிடைத்த எண்ணை மில்லி நொடியில் கொடுத்து மீண்டும் சேமித்தால் தீர்ந்தது. கே விசையால் ஒலியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் எண் கூட்டலிலும், ஜே விசையால் முன்னுக்கு இழுத்திருந்தால் கழித்தலிலும் போக வேண்டும்.

### ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் எண் கூடுகிறது

ஒளிபரப்பில் ஒரு பிரேம் படம் 40 மில்லி நொடி. வழக்கமான எம்பெக் ஒலியில் ஒரு துண்டு 24 மில்லி நொடி. இரண்டும் ஒரே புள்ளியில் வெட்டுப்படுவது அரிது. நல்ல மென்பொருள் ஒவ்வொரு வெட்டிலும் இந்த மிச்சத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். சரிக்கட்டாதது சேர்த்துக்கொண்டே போகும். இரண்டு வெட்டுக்குத் தெரியாது. 12 விளம்பர இடைவேளை உள்ள பதிவில், கடைசித் துக்கடா வரும்போது கண் கூசும்.

இதற்கு ஒலியை நகர்த்திப் பயனில்லை. வேறு மென்பொருளில் மூலத்திலிருந்து மறுபடி வெட்ட வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால், ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் கோப்பாகச் சேமித்து, ஒவ்வொன்றும் தனியாக ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஒட்டவும். எந்த ஒட்டில் விலகுகிறது என்பது அப்போது கையும் களவுமாக அகப்படும்.

### வெட்டே இல்லாத நடுப்பகுதியில் திடீரென்று விலகுகிறது

இது மூலத்தின் பழுது. மழை பெய்தபோதோ இணைப்பு தளர்ந்தபோதோ சில பொட்டலங்கள் வராமல் போயிருக்கும். படத்தில் சிறிது, ஒலியில் வேறு அளவு. மூலக் கோப்பில் நேர முத்திரைகள் (எந்தப் படமும் ஒலியும் எப்போது ஓட வேண்டும் என்ற குறிப்புகள்) சரியாக இருப்பதால் பெட்டி அதைச் சமாளித்துக்கொண்டு ஓட்டிவிடும். வெட்டும் மென்பொருள் நேர முத்திரையைக் கழற்றிவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கும்போது ஓட்டை அப்படியே விலகலாக மாறுகிறது. ஆகவே வெட்டுவதற்கு முன்பே கோப்பைப் பழுது பார்க்கும் ஒரு கருவியின் வழியாகச் செலுத்த வேண்டும். எம்பெக்-2 பதிவுகளுக்கு ப்ராஜெக்ட்எக்ஸ் என்ற பழைய இலவச மென்பொருள் இன்னும் கைகொடுக்கிறது. காணாமல் போன ஒலிக்கு ஈடாக மௌனத்தைச் செருகி, எங்கே எவ்வளவு செருகியது என்ற பட்டியலையும் தரும்.

இன்னொரு காரணம் அபூர்வமாகத் தோன்றினாலும் அவ்வளவு அபூர்வம் இல்லை. ஒளிபரப்பின் நேர முத்திரை 33 பிட் எண். நொடிக்கு 90,000 வீதம் ஏறி, 26 மணி நேரம் 30 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். சேனலின் கடிகாரம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருப்பதால், இரண்டரை மணி நேரப் பதிவு ஒன்று அந்தத் திருப்பத்தைத் தன்னுள் வைத்திருக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அறிகுறி இதுதான்: குறிப்பிட்ட ஒரு நிமிடத்தில் மென்பொருள் நின்றுவிடும், அல்லது மொத்த நீளத்தை 26 மணி நேரம் என்று காட்டும். அந்த இடத்தில் கோப்பை இரண்டாகப் பிரித்து, தனித்தனியாக எம்கேவி உறையில் போட்டு, பிறகு ஒட்டினால் சரியாகிவிடும். எம்கேவியாக மாறும்போது நேரம் புதிதாக எழுதப்படுகிறது.

## படம் வருகிறது, ஒலி இல்லை. அல்லது வேறு மொழியில் ஒலி வருகிறது

வேறு மொழி என்றால் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று ஒலித்தடங்கள் வந்திருக்கின்றன. வெட்டும் மென்பொருள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டது. மூலத்துக்குத் திரும்பி, தமிழ்த் தடத்தைத் தேர்ந்து மீண்டும் சேமிக்கவும்.

ஒலியே இல்லை, அதுவும் கைபேசியில் மட்டும் இல்லை என்றால், ஒளிபரப்பில் வரும் எம்பெக் லேயர்-2 வகை ஒலியை எம்பி4 உறைக்குள் போட்டிருப்பீர்கள். பல கைபேசிகள் அதை ஓட்டுவதில்லை. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் கைபேசிகள் ஏற்கும் ஏஏசி வகையாக மாற்றினால் போதும். அவிடெமக்ஸில் படத்துக்கு ‘காப்பி’, ஒலிக்கு ‘ஏஏசி’ என்று வைத்தால் சில நிமிட வேலை.

## நிகழ்ச்சி துண்டு துண்டாக இருக்கிறது, அல்லது பாதியில் நிற்கிறது

பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 4 மெகாபிட் ஓடும் சாதாரணச் சேனலில் அது சுமார் 2 மணி 20 நிமிடம். 8 மெகாபிட் ஓடும் எச்டி சேனலில் சுமார் 1 மணி 10 நிமிடம். நல்ல பெட்டி அடுத்த துண்டைத் தொடங்கும்; மட்டமான பெட்டி ஒன்றும் சொல்லாமல் நிறுத்திவிடும். துண்டுகள் இருந்தால், வெட்டுவதற்கு முன்பு அவற்றை வரிசையாக முதலில் ஒட்டிவிட வேண்டும். இந்த வகைக் கோப்புகள் ஒன்றன் வாலில் ஒன்றை வைத்து நேரடியாக இணைத்தாலே ஓடும். துண்டின் எல்லை ஒரு பொட்டலத்தின் நடுவிலேயே விழுந்திருக்கக்கூடும் என்பதால், தனித்தனியாக வெட்டிவிட்டுப் பிறகு ஒட்டினால் அந்த எல்லையில் ஒரு இடறல் நிற்கும். வருங்காலப் பதிவுகளுக்கு, பெட்டி ஏற்குமானால் வட்டை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்துக்கொள்ளலாம்.

4 ஜிபிக்கு வெகு முன்பே நிற்கிறது என்றால் வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு பென் டிரைவின் வேகத்தைச் சந்தேகிக்கவும். கணினியில் ஒரு பெரிய கோப்பை அதற்குள் அனுப்பினால், தொடக்கத்தில் விறுவிறுவென்று போய், பிறகு நொடிக்கு ஒரு மெகாபைட்டுக்கும் கீழே இறங்கி இழுத்தால், அது பதிவுக்கு உதவாது. நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைத்த பென் டிரைவ் என்றால் அதன் கொள்ளளவே பொய்யாக இருக்கலாம். 64 என்று எழுதியிருந்த ஒன்றில் 8 ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் காற்றோடு போயிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மின்சாரம் போனதால் நின்ற பதிவு வேறு வகை. சென்னையில் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து பிற்பகல்வரை மின்தடை இருக்கும் பகுதிகளின் பட்டியல் முதல் நாளே வந்துவிடுகிறது. டைமர் போடும் முன் பார்த்துக்கொள்ளலாம். எதிர்பாராமல் போனால் கோப்பு மூடப்படாமல் நிற்கும்; கணினியில் பூச்சிய அளவு காட்டும். அந்த வட்டில் மேலே எதையும் பதியாமல், முதலில் பெட்டியிலேயே செருகிச் சில நிமிடம் விடவும். சில பெட்டிகள் தாமாகவே பட்டியலைச் சரிசெய்துகொள்ளும். இல்லையென்றால் கணினியின் வட்டுப் பரிசோதனையை நேராக ஓட்டாமல், வட்டை முழுதாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் ஓட்டவும்.

## பெட்டியிலேயே வெட்டும்போது மெனு மங்கலாக இருக்கிறது, அல்லது பெட்டி நின்றுபோகிறது

ரிமோட்டிலேயே குறி வைத்து வெட்டும் வசதி உள்ள பெட்டிகளில், அதே வட்டில் வேறு பதிவு ஓடிக்கொண்டிருந்தால் வெட்டும் தேர்வு மங்கிவிடுவது வழக்கம். பதிவு முடியும்வரை காத்திருக்கவும். தவறி அழிந்துவிடாமல் இருக்க நீங்களே பூட்டுக் குறி போட்ட பதிவாக இருந்தால் அந்தக் குறியை எடுக்கவும். வட்டு நிரம்பி வழிந்தால் பழையது சிலவற்றை நீக்கவும். வெட்டிய பகுதியை வேறு கோப்பாக எழுதும் பெட்டிகளுக்கு அந்த அளவு காலி இடம் தேவை.

வெட்டும் நடுவில் பெட்டி நின்றுபோனால் உடனே பிளக்கைப் பிடுங்கக் கூடாது. வட்டின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை அது எழுதிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம்கூட ஆகலாம். விளக்கு அணைந்த பிறகும் ரிமோட்டுக்குப் பதில் இல்லை என்றால் மட்டும் நிறுத்தி இயக்கவும். பெட்டியில் செய்யும் வெட்டுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் இல்லை. அதனால்தான் பெட்டியில் தொடக்கத்தையும் முடிவையும் தவிர வேறெதையும் வெட்ட வேண்டாம் என்று சொல்கிறேன்; நடுவில் உள்ள விளம்பரங்களைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

## அசையும் இடத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள். ஆட்கள் ஒல்லியாகத் தெரிகிறார்கள்

நம் எஸ்டி ஒளிபரப்பு 576 வரிகளை ஒற்றை, இரட்டை என இரண்டு பாதிகளாக அனுப்புகிறது. டிவி அதைச் சேர்த்துக் காட்டும். கணினி சில சமயம் காட்டாது. விஎல்சியில் டி-இன்டர்லேஸ் தேர்வை இயக்கினால் போதும், கோப்பைத் தொட வேண்டாம். ஆட்கள் ஒல்லியானால் அகல விகிதம் தொலைந்திருக்கிறது. எம்கேவிடூல்நிக்ஸில் படத்தடத்துக்கு 16:9 என்று கொடுத்துச் சேமிக்கவும்.

## வெட்டாத மூலமே சிதறுகிறது

பெட்டியின் மெனுவில் சிக்னல் வலிமை, தரம் என இரண்டு பட்டைகள் இருக்கும். வலிமை நிறைந்திருந்தாலும் தரம் ஆடிக்கொண்டிருந்தால் பதிவு சிதறும். ஒளிபரப்பைப் பார்க்கும்போது கண் தப்பிவிடும் சிறு சிதறல், வெட்டும்போது பெரிதாகிவிடும்.

மழை நேரத்தில் மட்டும் என்றால், டிடிஎச் வரும் கேயு அலைவரிசையில் கனமழைக்குத் தப்பும் வழி அதிகமில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை நீள்கிறது. இசை விழாவின் தொடக்கமும் அதில் அகப்பட்டுக்கொள்கிறது. மறு ஒளிபரப்பு இருந்தால் இரண்டையும் பதிந்து, நல்ல பகுதிகளை எடுத்து ஒட்டலாம்.

வெயிலிலும் சிதறினால் முதலில் பெட்டியின் பின்னால் உள்ள கேபிள் திருகைக் கையால் இறுக்கவும். பிறகு மாடிக்குப் போய், டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியில் செருகும் முனையைக் கழற்றிப் பார்க்கவும். கடற்காற்று படும் திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர்ப் பக்கங்களில் நடுக்கம்பி பச்சை பூத்தோ கறுத்தோ இருப்பது சாதாரணம். பெட்டியின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, கேபிளில் ஒரு விரற்கடை வெட்டிவிட்டுப் புதிய முனையைத் திருகி, அதன்மேல் ரப்பர் உறை போட வேண்டும். செலவு சில பத்து ரூபாய்க்குள். அடுத்து மரம். டிடி ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோளான ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் எதிர்வீட்டு மாடி குறுக்கே வருவது அரிது; தலைக்கு மேல் கவிந்த வேப்பங்கிளைதான் வரும். கிளையும் இல்லை, முனையும் புதிது, ஆனாலும் தரம் ஏறவில்லை என்றால் டிஷ்ஷைத் திருப்ப முயலாமல் ஆளைக் கூப்பிடவும். அளவுக்கருவி இல்லாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து டிஷ்ஷைத் திருகுவது உயிருக்கும் ஆபத்து, இருக்கும் சிக்னலுக்கும் ஆபத்து.

## வட்டு காணாமல் போகிறது, அல்லது ‘டிக் டிக்’ என்கிறது

பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் வட்டு மறைந்து, கழற்றிச் செருகினால் வந்துவிடுகிறது என்றால் மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 துளை தருவதற்குக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர். சுழலும் ஹார்டு டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகம் கேட்கும். குட்டையான கேபிளுக்கு மாற்றவும். பிறகு தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாக இணைக்கவும். இரண்டுக்கும் ரிச்சி தெருவில் அதிகச் செலவு ஆகாது.

அதற்கும் சரியாகவில்லை என்றால் கணினியில் வட்டின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை, பார்க்கவும். இடமாற்றப்பட்ட செக்டார், படிக்கக் காத்திருக்கும் செக்டார் என்ற இரண்டு வரிகளில் பூச்சியம் தவிர வேறு எண் இருந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறினால், அன்றே எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு வட்டை ஓய்வுக்கு அனுப்பவும்.

‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்டால் பிரதி எடுக்கவும் முயலக் கூடாது. இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே தகட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தரவு மீட்பு செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும். வட்டைத் திறக்காமல் முதலில் மதிப்பீடு எழுத்தில் தருவாரா, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு வாங்குவார் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு கொடுக்கவும். கட்டணம் புதிய வட்டின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். மீண்டும் ஒளிபரப்பாகக்கூடிய தொடர்களுக்காக அந்தச் செலவு செய்ய நான் சொல்லமாட்டேன். வேறு எங்கும் கிடைக்காத கச்சேரி, அல்லது வீட்டில் ஒருவர் தோன்றிய நிகழ்ச்சி என்றால் வட்டை மறுபடி ஒருமுறைகூடச் செருகிப் பார்க்காமல் நேராக அங்கே போகவும்.